கயிற்றைப் பிடித்த பேய்

அசையக் கூடாது என்று சொன்ன மாத்திரத்தில் ஹெப்சிபாவுக்கு மூக்கு அரித்தது. அதுவரை அப்படி ஒரு மூக்கு முகத்தில் இருப்பதே நினைவில் இல்லை. தலையைக் கூண்டு மாதிரி ஒன்றுக்குள் வைத்துப் பூட்டியாயிற்று, காதில் பஞ்சு அடைத்தாயிற்று, வலது கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்து, "முடியலன்னா இத அமுக்குங்க மேடம், உடனே வெளிய எடுத்துருவேன். ஆனா சும்மா சும்மா அமுக்கிடாதீங்க, அப்புறம் முதல்லேர்ந்து எடுக்கற மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் எடுக்கிற தினகர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். படுக்கை மெல்ல நகர்ந்தது. முதலில் விளக்கு போயிற்று, அப்புறம் கூரை போயிற்று, முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில் வெள்ளை வளைவு ஒன்று வந்து நின்றது. உருளை, என்று மனசு சொல்லிக்கொண்டது. வேறு யாராயிருந்தாலும் சவப்பெட்டி என்றோ குகை என்றோ நினைத்திருப்பார்கள், அவளுக்கு உருளை என்றுதான் வந்தது, ஏனென்றால் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் குடித்தனம் நடத்துவது உருளைகளோடுதான். நமக்குப் போகவர மூன்று வழிதான் தெரியும், முன்பின் ஒன்று, இடம்வலம் ஒன்று, மேல்கீழ் ஒன்று. நாலாவதாக இன்னொரு வழி எல்லா இடத்திலும் சுருண்டு கிடக்கிறது, நம் கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சின்னதாக, என்று வைத்துக்கொண்டால் என்னவாகும் என்று பார்ப்பதற்குத்தான் இயற்பியல் துறையில் அவளுக்குச் சம்பளம். தெருக்கோடியில் நின்று பார்த்தால் சுருட்டிச் சாத்திய பாய் வெறும் கம்புதானே, பக்கத்தில் போனால்தான் அதற்குள் ஒரு அகலம் ஒளிந்திருப்பது தெரியும். அம்மாவுக்கு ஒருதடவை இப்படித்தான் சொல்லிப்பார்த்தாள். நாசரேத்திலிருந்து போனில் அம்மா, "ஏட்டி, இருக்கிற மூணு வழியிலயே ஒரு மாப்பிள்ளைய உன்னால தேட முடியல, இதுல நாலாவது வழியாட்டி?" என்றாள். அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கன்னம் அசையும். அடக்கிக்கொண்டாள். மூக்கு இன்னும் அரித்தது.

சத்தம் ஆரம்பித்தது. தார் ரோட்டை உடைக்கிற இயந்திரம் மாதிரி, நெஞ்செலும்பில் வந்து முட்டுகிற சத்தம், நின்று, மறுபடி வேறு தாளத்தில், இரும்புக் கதவை யாரோ ஆத்திரத்தோடு தட்டுகிற மாதிரி. பஞ்சு எதற்கும் உதவவில்லை. இது ஒன்றுமில்லை, காந்தம், என்று தனக்குச் சொன்னாள், தலைக்குள் இருக்கிற தண்ணீரையெல்லாம் காந்தம் வரிசையில் நிறுத்துகிறது, அப்புறம் அடித்துச் சாய்க்கிறது, அது எழுந்து நிற்கும்போது போடுகிற முனகலைக் கேட்டுப் படம் வரைகிறது, அவ்வளவுதான். அவ்வளவும் தண்ணீர்தான். யோசிக்கிறது, பயப்படுகிறது, அம்மாவிடம் பொய் சொல்கிறது, எல்லாம் ஈரத்துக்குள்தான் நடக்கிறது. தண்ணீர் என்றதும் குழாய் வந்தது. குழாயைச் சன்னமாகத் திறந்தால் தண்ணீர் முதலில் நூல் மாதிரி, கண்ணாடிக் கம்பி மாதிரி இறங்கும், கொஞ்சம் கீழே வந்ததும் அதில் ஒரு நடுக்கம், நடுக்கம் இடுப்பாகும், இடுப்பு கழுத்தாகும், கழுத்து அறுந்து சொட்டாகும். கருந்துளையைச் சுருண்ட வழி நெடுக இழுத்துக் கட்டினால் அதுவும் துளையாக இருக்காது, கயிறாகிவிடும். கருங்கயிறு என்று அவளும் கூட ஆராய்ச்சி செய்கிற உலகநாதனும் பேர் வைத்திருந்தார்கள். அந்தக் கயிறும் குழாய்த் தண்ணீர் மாதிரிதான், அதுவாகவே நடுங்கும், மணிமணியாகத் திரளும், பெரிய மணிக்கும் பெரிய மணிக்கும் நடுவில் சின்ன மணி, அதற்கும் நடுவில் அதைவிடச் சின்னது, மணிகளுக்கிடையில் கழுத்து மெலிந்துகொண்டே போகும், மெலிந்து மெலிந்து ஒருநாள் அறும். அறுந்தால் என்ன என்று கேட்கலாம். கயிற்றின் நடுவில் ஒருமை இருக்கிறது. அங்கே எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை என்று ஒன்று வராது, கணக்கு செத்துப்போகிற இடம். அதன்மேல் இருட்டு ஒரு போர்வையாகக் கிடப்பதால்தான் வெளியில் இருக்கிற நம் கணக்கெல்லாம் பிழைத்துக் கிடக்கிறது. கழுத்து அறுகிற இடத்தில் போர்வை கிழியும். கிழிந்தால் ஒருமை வெளியே தெரியும், அதற்கப்புறம் உலகத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. அறும் என்றுதான் இந்தத் துறையில் எல்லாரும் சொல்லிவந்தார்கள். அறாது என்று போன வருஷக் கடைசியில் சொன்னவள் ஹெப்சிபா.

எல்லாச் சமயத்திலும் அறாது என்று சொல்லவில்லை. சுருண்ட வழியை ஒரு புலம், கண்ணுக்குத் தெரியாத ஒருவகை இழுவிசை, சுற்றிக்கொண்டிருந்தால் கயிறு நடுங்கும், மெலியும், ஆனால் ஒரு கட்டத்தில் நின்று, மூச்சு விட்டமாதிரி பழைய பருமனுக்குத் திரும்பும் என்றுதான் சொன்னாள். அவளும் உலகநாதனும் சேர்ந்து போட்ட கட்டுரை. ஆனாலும் கணக்கு அவளுடையது என்று எல்லாருக்கும் தெரியும், உலகநாதனே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான், "நான் சும்மா துணைக்குப் போன மாப்பிள்ளைத் தோழன்" என்று. வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். யாரோ அதை அழகு என்றுகூட எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை அவள் ஒரு வாரம் வாயில் போட்டு அதக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் தலைவலி. முதலில் விடியற்காலையில் மட்டும், கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி. அப்புறம் இடது கை. ஒருநாள் குழம்பை எடுக்கப்போய்க் கையிலிருந்தது நழுவி விழுந்தது, விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அது கரண்டி என்று தெரியும், குழம்பு எடுப்பது என்று தெரியும், கரண்டி என்கிற சொல் மட்டும் வரவில்லை, எங்கேயோ இரண்டு மணிக்கு நடுவில் கழுத்து மெலிந்து அறுந்துபோன மாதிரி. அப்புறம் குறிகள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே போவாள், மைனஸ் இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது. உலகநாதன்தான் முதலில் பார்த்தான். "ஹெப்சி, உனக்குக் குறி தப்புது" என்றான். "போடா, உனக்குத்தான் எப்பவும் தப்புக் குறி" என்றாள், பழைய சண்டையை ஞாபகம் வைத்து. அவன் சிரிக்கவில்லை. மறுவாரமும் தப்பியது. அதற்கடுத்த வாரம் மாணவர்கள் முன்னால் தப்பியது, அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது அவள் முதுகுக்கே தெரிந்தது. நரம்பு டாக்டர் பேனாவால் கையில் கீறி, கால் முட்டியில் தட்டி, விரலை ஆட்டிப் பார்க்கச் சொல்லி, கடைசியில், "இதெல்லாம் குறிகள்தாம்மா, இத வச்சு நோய்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார். குறிகள். அந்த அறையில் அந்தச் சொல் கேட்டதும் உலகநாதன் அவளைப் பார்த்தான், அவள் மேஜையைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தெரிந்தாக வேண்டியது ஒன்றே ஒன்று, சாவேனா பிழைப்பேனா என்பதுகூட அதற்கு அப்புறம்தான். எப்போதிலிருந்து? தலைக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றால் அது எப்போது வந்து உட்கார்ந்தது? கயிறு அறாது என்று சொன்னது ஹெப்சிபாவா, அதுவா?

தாளம் மாறியது. இப்போது கொசு மாதிரி மெல்லிய ரீங்காரம், அதற்குள் ஒரு இடி. படுக்கை அதிர்ந்தது. காலையில் வாசல் ஹாலில் காத்திருக்கும்போது அம்மா கூப்பிட்டிருந்தாள். "ஏட்டி, எங்க இருக்க, ஒரே ஆள் சத்தமா கேக்கு?" "கடையில நிக்கேம்மா." "என்ன வாங்குத?" என்ன வாங்குகிறாள்? பக்கத்தில் உலகநாதன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான், எதிரே ஒருவர் எக்ஸ்ரே உறையைக் குழந்தையைப்போல மடியில் வைத்திருந்தார். "தலகாணி" என்றாள் வாயில் வந்ததை. "நல்லதா பாத்து வாங்கு, கல்லு மாதிரி குடுத்துருவான், ஒனக்கு வேற காலம்பற காலம்பற தலவலின்னு சொல்லுத" என்றாள் அம்மா. வைத்தபிறகு உலகநாதன், "தலகாணியா?" என்றான். "வேற என்ன சொல்லச் சொல்ற?" "இல்ல, இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர், ஒரு பொய்யாவது உருப்படியா சொல்லலாமேன்னு பாத்தேன்." அவன் இப்படித்தான், பயந்தால் கிண்டல் கூடிவிடும். டீ எப்போதோ ஆறியிருந்தது, அவன் ஆற்றிக்கொண்டே இருந்தான். இப்போது இந்த உருளைக்குள் வாயில் எச்சில் சேர்ந்தது. விழுங்கலாமா? விழுங்கினால் அசைவா? விழுங்கினாள். தினகர் எதுவும் சொல்லவில்லை. ரப்பர் உருண்டை உள்ளங்கையில் வேர்வையில் வழுக்கியது. அமுக்கலாம். அமுக்கினால் வெளிச்சம் வரும், கூரை வரும், ஆனால் முதலிலிருந்து எடுக்கவேண்டும். வளைவு கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருந்தது. இறங்கவில்லை. பார்க்கப் பார்க்க இறங்குகிறது. கண்ணை மூடினால் இன்னும் பக்கத்தில் வருகிறது. சரி, சும்மா கிடந்தால் இது நம்மைத் தின்றுவிடும், கணக்குப் போடு, என்றாள் தனக்கு. சின்ன வயதில் ஊசி போடும்போது அப்பா பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்வார். இப்போது பதினேழு போதாது.

காகிதம் இல்லாமல், விரல் அசைக்காமல், முழுக் கணக்கையும் தலைக்குள் போட முடியாது, அது அவளுக்கே தெரியும், எழுதினால் பெரிய தாளில் பக்கம் பக்கமாக ஓடும். ஆனால் வழி தெரியும். கயிறு. கயிற்றின் மேல் ஒரு சின்ன நடுக்கம். நடுக்கம் வளர்கிறதா, ஆடி அடங்குகிறதா, அதைச் சொல்வது ஒரே ஒரு உறுப்பு, அதன் முன்னால் நிற்கிற குறி. பிளஸ் என்றால் நடுக்கம் நாளுக்கு நாள் பெருகிக் கயிறு அறும், மைனஸ் என்றால் ஊஞ்சல் மாதிரி ஆடிவிட்டு நிற்கும். மைனஸ் வந்தது. வந்ததா, வரவைத்தேனா? முதல் வரியிலிருந்து போனாள். கயிற்றின் பங்கு, பிளஸ். வளைவின் பங்கு, பிளஸ். புலத்தின் பங்கு, இடி இடித்தது, போயிற்று. மறுபடி. கயிறு, பிளஸ். வளைவு, பிளஸ், இல்லை, வளைவுக்கு முன்னால் ஒன்று உண்டு, அது என்ன, கரண்டி, சீ, கரண்டி இல்லை. மறுபடி. இப்படி மறுபடி மறுபடி போய் அதே இடத்தில், புலம் வருகிற இடத்தில், மாடு வண்டியை இழுத்துப் போய்ப் பள்ளத்தில் இறக்குகிற மாதிரி மனசு இறங்கி நின்றது. அந்த இடத்தில்தான் நோய் இருக்கிறதோ? அந்தப் படத்தில் அங்கேதான் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுமோ, புலத்தின் குறியை நினைக்கிற அந்தத் துளி ஈரத்தில்? சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சரி, இப்படி முட்டிக்கொண்டால் ஆகாது. மாணவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறாய்? கணக்கு பயமுறுத்தினால் அதிலிருந்து எதையாவது தூக்கி வெளியே போடு. எதைத் தூக்க? கயிற்றையே தூக்கிவிடு. கயிறு வேண்டாம், கருமையும் வேண்டாம், ஒருமையும் வேண்டாம், வெறும் வெட்டவெளி, அதில் சுருண்ட வழி, அதைச் சுற்றி அந்தப் புலம் மட்டும். அதற்கு எவ்வளவு ஆற்றல் இருக்கும்? இது மனசாலேயே போடக்கூடியது. போட்டாள். சுழியத்துக்குக் கீழே வந்தது. தப்பு, மறுபடி போட்டாள். சுழியத்துக்குக் கீழே. மூன்றாவது தடவை ஒவ்வொரு அடியாக, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி, சத்தம் நிற்கிற இடைவெளிகளில் மட்டும் போய்ப்பார்த்தாள். சுழியத்துக்குக் கீழேதான். ஒன்றுமில்லாத வெளியில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் இருப்பு கூடவேண்டும், இங்கே குறைகிறது. ஒன்றுமில்லாததைவிடக் குறைவாக இருக்கிற புலம். இந்தத் துறையில் அதற்கு வைத்த பெயர் பேய். வேடிக்கைக்கு வைத்ததில்லை, கட்டுரைகளில் அப்படித்தான் எழுதுவார்கள், முன்னால் நிற்கிற குறி மாறிப்போனால் புலம் பேயாகிவிடும், இயற்கையில் அப்படி ஒன்று இருக்க முடியாது. ஹெப்சிபாவின் கயிறு அறாமல் நின்றது ஏன் என்று இப்போது தெரிந்தது. கழுத்து மெலியும்போதெல்லாம் ஒரு பேய் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் முடிந்தது. அழகு என்று சொன்னவரும், கூப்பிட்டுப் பேசச் சொன்னவர்களும், எல்லாம் ஒரு பேயைத்தான் பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள். கயிறு அறும். எல்லாரும் சொன்னமாதிரியே அறும், போர்வை கிழியும். இந்த எண்ணம் வந்து உட்கார்ந்ததும் உடம்பு முழுவதும் கனத்தது, படுக்கைக்குள் இறங்குகிற மாதிரி. அப்போ அதுதான் எழுதியிருக்கிறது, நான் இல்லை, என்று ஒரு குரல் சொன்னது, தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது அதுதான் அந்த மைனஸைப் போட்டது. இரு, என்றது இன்னொரு குரல். இரு, எந்த வரி அது? புலத்தின் வரி. அந்த வரியை நீ கணக்குப் போட்டு எடுக்கவில்லையே. எடுத்து எழுதினாய். எங்கிருந்து? யாரோ சர்க்கரைப் பொங்கலுக்கு நெய் போதவில்லை என்று சத்தம் போட்டார்கள், அந்தச் சத்தம்தான் ஞாபகத்தில் முதலில் வந்தது. மைக்கில் நாதஸ்வரம், அதற்குள் ஒரு குழந்தையின் வீறிடல். தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், உலகநாதனின் சின்ன மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை அலறுகிறது, அப்பன்காரன் சாப்பாட்டு வரிசையின் கடைசியில் ஹெப்சிபாவோடு உட்கார்ந்து, இலைக்குப் பக்கத்தில் பழைய குறிப்பை விரித்துவைத்து, "இந்தா, புலத்துக்கு உண்டானது நான் எப்பவோ போட்டு வச்சிருக்கேன், திரும்ப எதுக்குப் போடற, எடுத்துக்க" என்கிறான். அவன் மனைவி வந்து, "ஏங்க, உங்க பொண்ணுக்குத்தான் காது குத்தறாங்க, பக்கத்து மண்டபத்துல இல்ல" என்று அவன் தலையில் குட்டி, "நீங்களாவது சொல்லக் கூடாதாக்கா?" என்று இவளைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போகிறாள். ஹெப்சிபா ஒரு கையால் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு மறுகையால் அந்த வரியை எழுதிக்கொள்கிறாள். இடது கையால். அவள் இடது கைக்காரி. எழுத்து அச்சடித்த மாதிரி நேராக விழுகிறது. அப்புறம் பாயசம், இரண்டாவது டம்ளர், அப்புறம் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். தலைவலி என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத நாள் அது.

சண்டை அங்கேதான் ஒளிந்திருந்தது. காலத்துக்கு மைனஸ் போட்டு மற்ற வழிகளுக்கெல்லாம் பிளஸ் போடுகிறவர்கள் இந்தத் துறையில் ஒரு கட்சி, காலத்துக்குப் பிளஸ் போட்டு மற்றதுக்கெல்லாம் மைனஸ் போடுகிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டும் சரிதான், கடைசியில் வருகிற விடை ஒன்றுதான், பாதி வழியில் கட்சி மாறாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அவள் மைனஸ் கட்சி. உலகநாதன் படிக்கிற நாளிலிருந்தே பிளஸ் கட்சி, "காலத்தையே கழிச்சுப் போடறீங்களேடி, உருப்படுவீங்களா" என்பான். சேர்ந்து எழுத ஆரம்பித்தபோது அவளுக்காக அவன் கட்சி மாறினான், ஆனால் பழைய குறிப்பு பழைய கட்சியிலேயே இருந்தது. இலைக்குப் பக்கத்தில் விரித்துவைத்தது அந்தப் பழைய குறிப்பு. அவன் சொல்ல மறந்தான், அவள் கேட்க மறந்தாள், குழந்தை அலறிக்கொண்டிருந்தது, பாயசம் வந்துகொண்டிருந்தது. குறி மாறிய வரி அவள் கணக்குக்குள் வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்த இடத்தில் பேயாயிற்று. நோய் இல்லை. நோய்க்கு அப்போது அவள் யாரென்றே தெரியாது. நன்றாகத் தின்று, நன்றாகச் சிரித்து, நல்ல கையால், நல்ல புத்தியோடு செய்த தப்பு, இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் எவளும் என்றைக்காவது செய்கிற தப்பு. என் தப்பு, என்று நினைத்தாள். எனக்கே எனக்கு. கண்ணோரத்திலிருந்து சூடாக ஏதோ வழிந்து காதுப் பஞ்சுக்குள் இறங்கியது. கட்டுரை போயிற்று, பேர் போயிற்று, உலகநாதன் பேரும் சேர்ந்து போயிற்று, ஆனால் அதை இங்கே படுத்துக்கொண்டு, இத்தனை இடிக்கு நடுவில், காகிதம் இல்லாமல் கண்டுபிடித்தது யார்? கண்டுபிடித்த தலை எந்தத் தலை? இந்தத் தலைதானே, இந்தக் கூண்டுக்குள் இருக்கிற இதே ஈரம்தானே? அவனிடம் சொல்லவேண்டும். உடனே சொல்லவேண்டும். டீயை வைத்துவிட்டு, மூக்கைச் சொறிந்து, ஐயோ என்று தலையில் கைவைத்து, அப்புறம் அவன் சிரிப்பான், கட்டாயம் சிரிப்பான்.

சத்தம் நின்றது. நின்ற அமைதி சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. படுக்கை வெளியே நகர்ந்தது, கூரை வந்தது, விளக்கு கண்ணில் குத்தியது. தினகர் வருவார் என்று பார்த்தாள். வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரிடமோ போனில் பேசிக்கொண்டு, கணினித் திரைக்கு மிகக் கிட்டத்தில் குனிந்து நின்றார், நிமிரவில்லை. வந்தது நர்ஸ், கொஞ்சம் வயதானவர், முதலில் ஹெப்சிபா உள்ளே வந்தபோது, "நகைய எல்லாம் கழட்டிட்டீங்களா மேடம், ஹேர்பின் இருக்கான்னு நல்லா பாத்துக்கங்க, அப்புறம் எங்களச் சொல்லாதீங்க" என்று வெடுக்கென்று பேசியவர். கையில் ஊசி இருந்தது. கூண்டைக் கழற்றவில்லை. "கையக் குடு கண்ணு" என்றார். "மருந்து ஒண்ணு போட்டு இன்னொருக்கா எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. வலிக்காது. நீ பயப்படாத." நீ. ஹெப்சிபா அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாள். நீங்கள் போய் நீ வந்திருக்கிறது. மேடம் போய்க் கண்ணு வந்திருக்கிறது. மரியாதை ஒரு போர்வைதான், யாரும் சும்மா அதை உருவமாட்டார்கள், உருவுகிறார்கள் என்றால் உள்ளே இருப்பது அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. ஒருமையில் பேசுகிறார்கள். "ஏதாவது தெரியுதா சிஸ்டர்?" என்று கேட்டாள், குரல் தன்னுடையதாகவே இருந்தது. "டாக்டரு பாத்து சொல்வாரும்மா. நீ ஒண்ணும் மனசுல போட்டு ஒழப்பிக்காத" என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் குத்தினார், இடது கையில், குத்தினது சரியாகத் தெரியவில்லை. குளிர்ச்சியாக ஏதோ முழங்கை வழியாக ஏறியது. நர்ஸ் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார், தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

"சிஸ்டர், ஒரு உதவி" என்றாள் ஹெப்சிபா. "வெளிய உலகநாதன்னு ஒருத்தர் உக்காந்திருப்பார். அவர்கிட்ட இப்பவே ஒண்ணு சொல்லணும். பேய் காதுகுத்துலயே வந்துடுச்சுன்னு சொல்லுங்க. தலவலிக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு, அதனால அது நான்தான்னு சொல்லுங்க." ஆறு மாசத்தில் இவ்வளவு சரியாக ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ஒரு சொல் தப்பவில்லை, ஒரு சொல் தேடவில்லை. நர்ஸின் கை பஞ்சில் அப்படியே நின்றது. தலையைத் திருப்பிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார், அங்கிருந்து தினகர் இப்போதுதான் நிமிர்ந்தார். "சொல்றேன் கண்ணு" என்றார் நர்ஸ், குழந்தைக்குச் சொல்கிற குரலில், கூண்டின் இடைவெளியில் விரலை விட்டு, கலைந்திருந்த முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டார். "பேய் எல்லாம் ஒண்ணுமில்ல. நான் சொல்லிடறேன். நீ கம்முனு படுத்துக்க, ஆ?" இல்லை சிஸ்டர், அது அப்படியில்லை, என்று தொடங்கினாள். எங்கிருந்து தொடங்குவது? சுருண்ட வழியிலிருந்தா, பாயிலிருந்தா, காலத்துக்கு மைனஸ் போடுகிற கட்சியிலிருந்தா? எதைச் சொன்னாலும் அது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு குறியாகத்தான் எழுதப்படும். அவளே நேரில் சொன்னால் உலகநாதன் சிரித்திருப்பான். அவனிடம் போய்ச் சேரும்போது அது என்னவாகப் போய்ச் சேருமோ? "சீக்கிரம் முடிச்சு அனுப்பிச்சிடறோம்மா" என்றார் நர்ஸ். "அவசரமில்ல சிஸ்டர்" என்றாள் ஹெப்சிபா, "மெதுவாவே எடுங்க." படுக்கை உள்ளே நகர்ந்தது. விளக்கு போயிற்று, கூரை போயிற்று, இடி தொடங்கியது. புலத்தின் வரியை எடுத்து, அதற்குரிய குறியை அதற்குப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். கயிறு, பிளஸ். வளைவு, பிளஸ். புலம், பிளஸ். கழுத்து மெலியத் தொடங்கியது.